சாறி நாளில் ஒரு வெள்ளைக் கயிறு

“தங்கச்சி, உங்கட பாவாடை நாடா வெளியில தொங்குது.”

இதைச் சொன்னவர் ஹம்சி அக்கா. மைக்கில் சொன்னார். மைக் வேலை செய்வது தெரியாமல் சொல்லிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதுவரை அதைத் தட்டித் தட்டி ‘ஹலோ, ஹலோ’ சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு மண்டபத்தின் மேல்மாடி. ஏசி பெயருக்கு இரைந்துகொண்டிருந்தது. பட்டுச் சாறியும் மல்லிகைப் பூவும் வேர்வையும் பவுடரும் சேர்ந்து கலியாண வீட்டு மணம். ஒரு அறை நிறையப் பெட்டைகள். எல்லாருடைய கண்ணும் என் இடுப்புக்கு வந்தது. நானும் குனிந்து பார்த்தேன்.

சாறி மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கயிற்றின் நுனி. நுனியில் முடிச்சு.

அது பாவாடை நாடா இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் கொஞ்சம் நல்ல பிள்ளையாகவே எழுதிவிட்டேன். கொட்டாஞ்சேனைத் திருவிழா, டடியின் துறைமுகக் கதைகள், வட்டிலப்பம் கருகிய நத்தார்ப் பண்டிகை என்று எழுதினதை வாசித்துவிட்டு “மனதுக்கு இதம்” என்று எழுதிய அங்கிள்மாருக்கும் அன்ரிமாருக்கும் நன்றி. இந்த வாரம் இதம் கிடையாது. கோபம் வந்தால் எனக்கு விரல் வேகமாக ஓடும். பெயர்களை மாற்றிவிட்டேன், பிழை இருந்தால் ஆசிரியர் திருத்தட்டும்.

எனக்கு வேண்டியது மைக்

எங்கள் கம்பஸில் தமிழ்ப் பெட்டைகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பாவையர் வட்டம். யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, ‘வட்டம்’ என்றால் போதும். ஒவ்வொரு வருடமும் முதலாம் வருடப் பிள்ளைகளில் சிலரை மட்டும் எடுப்பார்கள். மூன்று நாள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கதை கேட்பார்கள், சிரிப்பார்கள், தேத்தண்ணி தருவார்கள், தலையிலிருந்து கால்வரை ஸ்கேன் பண்ணுவார்கள். பிறகு ஃபோனுக்குச் செய்தி வரும்.

வட்டத்தின் பெரிய வேலை கலைவிழா. ஆடுவதும் பாடுவதும் யாரும் செய்யலாம். மேடையில் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியைக் கொண்டுபோவது மட்டும் வட்டத்துப் பிள்ளைதான். அப்படி நின்ற ஒரு அக்கா இப்போது வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறார். பஸ்ஸில் போகும்போது அவருடைய குரல் கேட்டால் நான் காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றிவிடுவேன்.

எனக்கு அந்த மைக் வேண்டும். வட்டமும் வேண்டாம், வட்டத்தின் குழுப்படமும் வேண்டாம்.

மைக் எனக்குப் புதிதில்லை. எங்கள் கோவில் திருவிழாவில் அறிவித்தல் சொல்வது டடி. துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரல். அவருக்கு ஸ்பீக்கரே தேவையில்லை என்று சனம் பகிடி பண்ணும். அவருக்குத் தொண்டை கட்டிய ஒரு வருடம் என்னைக் கதிரையில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் சொல்கிறேன். சாமி ஊர்வலம் எந்த வீதியால் வருகிறது, யாருடைய வான் வண்டியை வழியிலிருந்து எடுக்க வேண்டும், முக்கியமாகத் தொலைந்த பிள்ளைகள். ‘நீலக் களிசான், மஞ்சள் ரீஷேர்ட், ஒரு காலில் மட்டும் செருப்பு.’ தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம். தாய் ஓடிவருவாள்.

கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை உடுப்பைச் சொல்லித்தான் கண்டுபிடிப்போம். உடுப்பைச் சொல்லி ஆளைத் தொலைப்பதை நான் வட்டத்தில்தான் முதன்முதல் பார்த்தேன்.

ஹம்சி அக்காவின் குரல்

உடுப்புக்குப் பொறுப்பு ஹம்சி அக்கா. இரண்டாம் வருடம். மூன்று நாளும் என்ன உடுத்த வேண்டும், என்ன உடுத்தக்கூடாது என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். நானும் துர்க்காவும் கன்டீனில் ஆளுக்கொரு இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு கேட்டோம். துர்க்கா என் பட்ச், வெள்ளவத்தைப் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். அவளும் வட்டத்துக்குப் போகிறாள்.

“பிள்ளையள், முதல் நாள் பஞ்சாபி. கையில்லாத சட்டை வேண்டாம். முழங்கையைத் தாண்டின கையும் வேண்டாம், அது டீச்சர் லுக். இரண்டாம் நாள் கஷுவல், ஆனா கிழிஞ்ச ஜீன்ஸ் போட்டிட்டு வந்தா கேற்றோட திருப்பி அனுப்பிடுவன். மூண்டாம் நாள் சாறி. பட்டெண்டா நல்லம். கறுப்பு, வெள்ளை வேண்டாம், ஒருத்தரும் சாகேல்லை. சாம்பல், மண்ணிறம் எல்லாம் டல், மேடையில விழாது. பொட்டு கட்டாயம், சின்னனா, வடிவா. புறக்கோட்டை மலிவுச் சாறி எண்டா எங்களுக்குப் பார்த்தவுடனே தெரியும், ஓகேயா.”

துர்க்கா இயர்ஃபோனைக் கழற்றினாள்.

“இது என்னடி, கலியாண புறோக்கர் பேசுற மாதிரிக் கிடக்கு.”

“நீ பட்டு வச்சிருக்கியா?”

“அம்மாட்ட கிடக்கு. அவ எட்டு சேஃப்டி பின் குத்தாம விடமாட்டா. நீ?”

“பார்ப்பம்.”

“ஜெனி, அந்தப் ‘பார்ப்பம்’ எனக்குப் பிடிக்கேல்லை. நீ பார்ப்பம் எண்டா சண்டை எண்டு அர்த்தம்.”

அப்போது எனக்குச் சண்டை எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. சத்தியமாக.

மேசைக்கு அடியில் பொட்டு

இந்த ‘உடுத்தலாம், உடுத்தக்கூடாது’ எங்கள் வீட்டுக்குப் பழைய சங்கதி. மம்மி கலியாணத்துக்கு முதல் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். சந்திக்குச் சந்தி செக்பொயின்ற் இருந்த சண்டைக்காலம், பொட்டைக் கண்டால் தமிழ் என்று மறிப்பார்கள். பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவர் காலையில் பஸ்ஸால் இறங்கி வந்து, கைப்பையை வைத்து, மேசையின் அடிப்பக்கம் ஒட்டி வைத்த பொட்டை உரித்து நெற்றியில் வைப்பாராம். பின்னேரம் வெளிக்கிடும்போது திரும்ப மேசைக்கு அடியில். பசை போனால் அடுத்த பொட்டு. அந்த மேசையைப் புரட்டிப் பார்த்தால் வானத்து நட்சத்திரம் மாதிரி இருந்திருக்கும் என்று மம்மி சொல்லுவார்.

மம்மிக்குப் பொட்டுப் பிரச்சினை இல்லை, நாங்கள் கத்தோலிக்கர், வைப்பதில்லை. ஆனால் அவரும் அந்தக் காலத்தில் பளிச்சென்று எதுவும் உடுத்தவில்லை. கண்ணில் படாத நிறமாகப் பார்த்துத்தான் சாறி எடுப்பாராம். மண்ணிறம், சாம்பல், சேறு. அதில் ஒன்றுதான் இந்தக் கதைக்குள் வருகிறது. மெல்லிய பொன்கரை போட்ட மண்ணிறக் கைத்தறி. கண்ணில் படக்கூடாது என்று வாங்கிய சாறி இவ்வளவு பேரின் கண்ணில் படும் என்று மம்மி கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை உடுப்பு

கம்பஸ் தொடங்கி கொஞ்ச நாளில் டடி குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். வலது கை போனது, பிறகு கொஞ்சம் வந்தது. குரல் போனது, வரவேயில்லை. ஆள் விளங்கிக்கொள்வார், சிரிப்பார், பேப்பர் பார்ப்பார். வாயைத் திறந்தால் ‘அ’ மட்டும் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சொல்லித் தந்த மாதிரி நான் தண்ணீர்க் கிளாசைக் காட்டி ‘இது என்ன டடி’ என்று கேட்பேன். ‘அ.’ திருவிழாக் கூட்டத்தையே அடக்கின குரல்.

அதனால் நான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை. நேர்த்தி வைத்தால் அவருடைய அங்கி மாதிரி மண்ணிற உடுப்பு உடுத்தி, இடுப்பில் முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போவது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக உடுத்துவார்கள். பெரிய ஆட்களும் செய்வதுண்டு. என்னுடையது பதின்மூன்று செவ்வாய், விடியலிலிருந்து படுக்கும்வரை. கம்பஸுக்கும் அப்படித்தான் போனேன். மண்ணிற ரொப், கயிறு உள்ளே. ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஜீன்ஸுக்கு மேலே மண்ணிறம் ஃபஷன்தானே.

வட்டத்தின் முதல் நாளும் இரண்டாம் நாளும் செவ்வாய் இல்லை. பச்சைப் பஞ்சாபியும் துர்க்கா ஒட்டிவிட்ட பொட்டுமாகப் போனேன். பொட்டு எனக்கு ஒரு பிரச்சினையாகப் படவில்லை, வடிவாகவும் இருந்தது. மைக் தந்து ஒரு அறிமுகம் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். தலைவி அபிராமி அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“எங்க பழகினீங்கள்?”

“கொட்டாஞ்சேனை, கோவில் திருவிழாவில அக்கா.”

“நல்ல குரல். தமிழ் கொஞ்சம் கொட்டாஞ்சேனையாத்தான் கிடக்கு, அதைத் திருத்தலாம்.”

நான் அதற்கும் சிரித்தேன். மைக் வேண்டுமே.

சாறி நாள் ஞாயிற்றுக்கிழமை என்றிருந்தது. மண்டபத்தை யாரோ பூப்புனித நீராட்டு விழாவுக்கு எடுத்துவிட்டார்களாம். செவ்வாய்க்கு மாற்றினார்கள்.

மம்மி சொன்னது

“மகள், அந்தோனியார் ஒண்டும் கோவிக்க மாட்டார்,” என்றார் மம்மி. “என்ட கலியாணச் சாறியைக் கட்டிட்டுப் போ. அடுத்த செவ்வாய் ரெண்டு மெழுகுதிரி கூட வை.”

“அவர் கோவிக்க மாட்டார் மம்மி. நான்தான் கோவிப்பேன்.”

“யாரோட?”

“என்னோட.”

டடி கட்டிலில் இருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நேர்த்தி தெரியும். மைக் விஷயமும் தெரியும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவருக்குத்தான் எல்லாம் ஒப்புவிப்பேன்.

எனக்கு நான் மகா புத்திசாலி என்று நினைப்பு. அலுமாரியிலிருந்து அந்த மண்ணிறக் கைத்தறியை எடுத்தேன். சாறி கேட்டார்கள், இது சாறி. அந்தோனியாருக்கு மண்ணிறம், இது மண்ணிறம். பொன்கரை வேறு இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கயிற்றைப் பாவாடைக்கு மேலால் கட்டி, சாறியால் மூடினேன். மம்மி மடிப்புப் பிடித்துவிட்டார். டடி இடது கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரும் வரைக்கும் இடமில்லை, கம்பியைப் பிடித்து நின்றேன். கயிறு அப்போதுதான் நழுவியிருக்க வேண்டும்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது”

வாசலிலேயே தொடங்கிவிட்டது. “இவ தபால் கொண்டுவந்த ஆளோ?” என்று ஒரு குரல். “இல்லையடி, பஸ் கொண்டக்டர். ரிக்கற் எடுத்தாச்சோ?” என்று இன்னொன்று. சிரிப்பு. துர்க்கா மாம்பழப் பட்டில் அசைய முடியாமல் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். சேஃப்டி பின்கள்.

நான் சிரிக்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை. என் முறை வந்தது, மைக்குக்குப் போனேன். அப்போதுதான் ஹம்சி அக்கா அந்தப் பாவாடை நாடா அறிவித்தலைச் சொன்னார்.

நான் கயிற்றை உள்ளே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

“அக்கா, இது நாடா இல்லை. அந்தோனியார் கயிறு. எங்கட டடிக்கு வாய் பேசேலாது. அவருக்கு நேர்த்தி. செவ்வாய்க்கிழமையில மண்ணிறம்தான் உடுத்தணும். அதுதான் இந்தச் சாறி.”

ஹம்சி அக்காவுக்கு முகம் ஒரு மாதிரிப் போனது, பாவம் என்றுகூடச் சொல்லலாம். அவர் அபிராமி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு இது தெரியுமோ அக்கா? இப்பிடி ஒண்டு இருக்கோ?”

அபிராமி அக்கா கடும் சிவப்புப் பட்டு. தலையில் சுற்றிய பூ. என் கயிற்றைப் பார்த்தார். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது,” என்றார். “எங்களுக்குச் சமயம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனா மேடைக்கு ஒரு லுக் வேணும், இல்லையோ? எல்லாருக்கும் ஒரே கொண்டிஷன்தான்.”

மைக்கைத் தரச் சொல்லி ஹம்சி அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று துர்க்கா இன்றைக்கும் சொல்லுவாள். எனக்கு ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை.

இரண்டு நாளில் செய்தி வந்தது. ‘குரல் சூப்பர். இந்த முறை லுக் செட் ஆகேல்லை. அடுத்த வருடம் கட்டாயம் ட்ரை பண்ணுங்கோ.’ கடைசியில் ஒரு இதயம். மஞ்சள் நிறம்.

துர்க்காவை எடுத்துவிட்டார்கள். “நான் போகேல்லையடி,” என்றாள். போ என்றேன். அவள் நாட்டியத்துக்காக வந்தவள், அவள் ஏன் நிற்க வேண்டும்? டடியிடம் ‘முடிவு இன்னும் சொல்லவில்லை’ என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு பின்னேரமும் அவர் புருவத்தைத் தூக்குவார். நான் தலையை ஆட்டுவேன்.

லைனில் ஒரு தாய்

அடுத்த செவ்வாய் கோவிலில் வழமையான கூட்டம். கொழும்பில் அந்தோனியாரிடம் போகாத ஆள் யார்? வேதக்காரர், சைவம், சிங்களம் எல்லாம் ஒரே லைன். பரீட்சை, விசா, பிள்ளை வரம், காணாமல்போன மோதிரம். மெழுகு வெக்கையும் கூட்டத்து வேர்வையும். வெளியே கடலை விற்பவர் ‘ரட கஜு’ என்று கத்துகிறார்.

எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒரு அன்ரி, யாழ்ப்பாணப் பேச்சு, குங்குமம், திருநீறு. பக்கத்தில் மகள், தலையைக் குனிந்து ஃபோன். அன்ரி திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அந்தப் பார்வைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் என் கயிற்றைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நேர்த்தி உடுப்போ பிள்ளை?”

“ஓம் அன்ரி. டடிக்கு.”

“குடுப்பார். கட்டாயம் குடுப்பார். எங்கட இவளுக்கும் சின்னனில போட்டனாங்கள். காய்ச்சல் வந்து வலிப்பு வந்து, ஒஸ்பிற்றலில கையை விரிச்சிட்டினம். பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா சொல்லித்தான் இஞ்ச தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் செவ்வாய்க்குச் செவ்வாய் இதே உடுப்பு, இதே கயிறு. அந்த உடுப்போட எடுத்த வடிவான படம் ஹோலில கொழுவிக் கிடக்கு. இவள் ஃப்ரெண்ட்ஸ் வந்தா கழட்டி அலுமாரிக்குள்ள வச்சிடுவாள், கழுதை.”

கழுதை நிமிர்ந்தது. அபிராமி அக்கா.

பட்டு இல்லை, பூ இல்லை. சாதாரண ரீஷேர்ட். என்னைக் கண்டார். கயிற்றைக் கண்டார். தாயின் கை இன்னும் அதில் இருந்ததைக் கண்டார்.

“அம்மா, லைன் நகருது,” என்றார்.

லைன் நகரவே இல்லை.

இவ்வளவு நாளும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு சந்தேகம் கலந்திருந்தது. தெரியாமல்தானே செய்தார்கள், விளக்கமில்லாத பிள்ளைகள், நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று நானே என்னைக் கேட்டிருக்கிறேன். அந்த லைனில் அந்தச் சந்தேகம் போனது. தெரியாதவர்கள் சிரித்தார்கள், அதைத் தாங்கலாம். இவருக்குத் தெரியும். இந்த உடுப்புக்குள் கிடந்து பிழைத்த ஆள். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்ற என்னைப் பார்த்து ‘எனக்கு இதெல்லாம் தெரியாது.’

மெழுகுதிரி மேடையில் ஒரு டீல்

தாய் உள்ளே கும்பிடும்போது அபிராமி அக்கா மெழுகுதிரி ஏற்றும் இடத்துக்கு வந்தார். வெக்கையில் இரண்டு பேருக்கும் முகம் வேர்த்தது.

“ஜெனி, நான் அவையளோட கதைக்கிறன். எனக்கு ஒரு ஆளைச் சேர்க்கிற உரிமை கிடக்கு. கலைவிழாவுக்கு நீங்கள்தான் மைக். சரியோ?”

பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த நிமிடம் எனக்கு மைக்கின் பாரம்கூடக் கையில் தெரிந்தது.

“சரி அக்கா. என்ன கொண்டிஷன்?”

“கொண்டிஷன் ஒண்டுமில்லை. அம்மா சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அவ்வளவுதான்.”

“ஏன்?”

“ஏனெண்டா… அது என்ட பேர்சனல்.”

“என்டதும் பேர்சனல்தான் அக்கா. மைக்கில சொல்ல வச்சீங்களே.”

யாரோ எங்களுக்கு நடுவில் கையை நீட்டி ஒரு திரியைக் கொளுத்திக்கொண்டு போனார்கள்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்,” என்றேன். “நீங்க சொல்லுங்க. வட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிற இடத்தில, இந்தக் கயிறு என்னவெண்டு உங்களுக்குத் தெரியும் எண்டு மட்டும் சொல்லுங்க. சின்னன் கதை, வலிப்பு, ஒண்டும் வேண்டாம். தெரியும் எண்டு மட்டும். சொன்ன அன்றைக்கே வாறேன்.”

“நீங்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம்?”

“எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு இல்லை அக்கா.”

தாய் வெளியே வந்தார். எனக்கும் ஒரு மெழுகுதிரி வாங்கி வந்திருந்தார். “அப்பாவுக்கு வையுங்கோ,” என்றார். வாங்கி வைத்தேன். அந்த அன்ரியோடு எனக்கு என்ன கோபம்?

அபிராமி அக்காவின் அழைப்பு வரவில்லை. ஃபோனை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. கலைவிழா நடந்தது. மைக்கில் வேறு ஒரு பிள்ளை. துர்க்கா மேடைக்குப் பின்னாலிருந்து எனக்குச் செய்தி அனுப்பினாள்: ‘இவ நாட்டியத்தை நாடகம் எண்டு சொல்லிட்டாடி. நான் சலங்கையோட நிக்கிறன்.’

டடியின் சொல்

கலைவிழா நடந்த பின்னேரம் டடி திரும்பவும் புருவத்தைத் தூக்கினார். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. கட்டிலில் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தபால்காரன், கொண்டக்டர், பாவாடை நாடா, மஞ்சள் இதயம், லைன், அலுமாரிக்குள் பூட்டின படம், டீல், நான் வேண்டாம் என்றது. மம்மி கதவடியில் கருவேப்பிலையை உருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லச் சொல்ல டடியின் முகம் சிவந்துகொண்டு வந்தது. பிரஷர் ஏறப்போகிறது என்று நான் நிறுத்தப் பார்த்தேன். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, மிச்சத்தையும் சொல் என்றார். முடித்தேன்.

வாயைத் திறந்தார். ‘அ’ வரும் என்று பார்த்தேன். உதடு கூடி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கிரேன்காரனை ஏசுவதற்கு முன்னால் அவருக்கு முகம் எப்படி இருக்குமோ அப்படி.

“பிஸ்ஸு,” என்றார்.

சிங்களம். பைத்தியம் என்று அர்த்தம். துறைமுகத்தில் இவருடைய வாயில் ஒரு நாளைக்கு நூறு தரம் வந்த சொல். தெளிவாக, முழுதாக, கோபமாக.

மம்மியின் கையிலிருந்து கருவேப்பிலை விழுந்தது. “இயேசுவே,” என்றார். “இவ்வளவு செவ்வாய் மண்டாடினதுக்கு, முதல் வந்த சொல்லைப் பாருங்க.”

டடிக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னார். தண்ணீர்க் கிளாசைக் காட்டி ‘இது என்ன டடி’ என்று கேட்டேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பிஸ்ஸு.”

போதும். பேச்சுப் பயிற்சி மிஸ்ஸுக்குச் சொன்னபோது, கோபத்தில் வாய்ப்பழக்கமான சொல் சிலபேருக்கு முதலில் வரும், இனி மெல்ல மெல்ல மற்றதும் வரலாம் என்றார். அந்தோனியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னேன்.

மிச்சச் செவ்வாய்

டடிக்குச் சொல் வந்துவிட்டது, இனி உடுப்பு வேண்டாம்தானே என்று துர்க்கா கேட்டாள். நேர்த்தி அப்படி இல்லை. பேசினது பதின்மூன்று, மிச்சத்தையும் முடிக்க வேண்டும்.

கடைசிச் செவ்வாய் மம்மியின் அதே கைத்தறியைக் கட்டினேன். இந்த முறை கயிற்றைச் சாறிக்கு மேலால் கட்டினேன். முடிச்சுகள் முழங்கால் வரைக்கும் தொங்கின. கம்பஸ் வாசலில் செக்கியூரிட்டி மாமா பார்த்துவிட்டு “ஆ, அந்தோனி முனித?” என்று சிங்களத்தில் கேட்டார், அந்தோனியார் நேர்த்தியா என்று. “ஓவ் அங்கிள்,” என்றேன். அவர் பௌத்தர். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கன்டீனில் வட்டத்து மேசை. நடுவில் அபிராமி அக்கா, பக்கத்தில் ஹம்சி அக்கா, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றிவர. கடைசிக் கதிரையில் துர்க்கா. எனக்கு வேறு வழியாலும் போகலாம். அந்த மேசையடியால்தான் போனேன்.

புதுப் பிள்ளை ஒருத்தி, என் பட்ச்தான், என் கையை மெதுவாகப் பிடித்தாள். கூடாத எண்ணம் இல்லை, உதவி செய்யத்தான்.

“ஜெனி, உம்மட பாவாடை நாடா வெளியில நிக்குது.”

நான் அபிராமி அக்காவைப் பார்த்தேன். கதைக்க அவருக்கு நிறைய நேரம் விட்டேன். அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். அது அடிக்கவில்லை, கண்ணாடி கறுப்பாகவே இருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றேன்.